அடிமானம் −10 ஆகவும் இருக்கலாம்: மாணவர் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் எண் முறைகள் பற்றி வெளிவந்த கட்டுரை இருநிலை, எண்ம (எட்டடிமான), பதினாறுநிலை முறைகளை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் அதில் மூன்று வாக்கியங்கள் பிழையானவை. அடிமானம், அதாவது ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் அதன் வலப்பக்க இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண், 1-ஐவிடப் பெரிய மிகை முழுவாகத்தான் இருக்க முடியும் என்கிறது ஒன்று. குறை எண்ணை எழுதக் கழித்தல் குறி கட்டாயம் வேண்டும் என்கிறது மற்றொன்று. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து வகுபடுமா என்று சொல்லிவிடும் வசதி "9 என்ற எண்ணின் தனிச்சிறப்பு" என்கிறது மூன்றாவது. மூன்றும் தவறு என்பதைக் காட்ட ஒரே ஓர் அடிமானம் போதும்: −10.

இட மதிப்புகளை முதலில் பார்ப்போம். வலக்கோடியிலிருந்து 1, −10, 100, −1,000, 10,000, −1,00,000 என்று குறி மாறி மாறி வரும். இலக்கங்கள் வழக்கம்போல் 0 முதல் 9 வரைதான். குழப்பம் வராமலிருக்க −10 அடிமானத்தில் எழுதியவற்றை இக்கடிதத்தில் சதுர அடைப்புக்குள் தருகிறேன். [18186] என்றால் 10,000 − 8,000 + 100 − 80 + 6, அதாவது நம் 2026. [2034] என்றால் −2,000 + 0 − 30 + 4, அதாவது −2026. கழித்தல் குறி எங்கும் எழுதப்படவில்லை. இருந்தும் ஒன்று மிகை, மற்றொன்று குறை.

குறியை எப்படி அறிவது? இலக்கங்களை எண்ணினால் போதும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்தால் மிகை (0 மட்டும் விதிவிலக்கு), இரட்டைப்படையானால் குறை. ஓரிலக்க எண்கள் 0 முதல் 9 வரை. ஈரிலக்க எண்கள் −90 முதல் −1 வரை. மூன்றிலக்க எண்கள் 10 முதல் 909 வரை. நான்கிலக்க எண்கள் −9,090 முதல் −91 வரை. ஐந்திலக்க எண்கள் 910 முதல் 90,909 வரை. இடையில் எந்த முழுவும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னால் வெற்றுப் பூச்சியங்களைச் சேர்த்து எண்ணினால் மட்டும் குறி தவறாகிவிடும்.

இனி மாற்றும் முறை. பாடநூலில் உள்ளதுபோலவே அடிமானத்தால் தொடர்ந்து வகுத்து, மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒரே நிபந்தனை: மீதி எப்போதும் 0 முதல் 9-க்குள் இருக்க வேண்டும். 2026-ஐ −10-ஆல் வகுக்க ஈவு −202, மீதி 6. −202-ஐ வகுக்க ஈவு 21, மீதி 8; ஏனெனில் 21 × (−10) = −210, அதனுடன் 8 சேர்த்தால் −202. 21-க்கு ஈவு −2, மீதி 1. −2-க்கு ஈவு 1, மீதி 8. 1-க்கு ஈவு 0, மீதி 1. கீழிருந்து படித்தால் 1, 8, 1, 8, 6.

மாணவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஈவு −2 ஆன படி. "ஈவு 10-ஐவிடச் சிறியதாகிவிட்டது, நிறுத்தலாம்" என்று பழக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். −2 என்பது இலக்கம் அல்ல. ஈவு 0 ஆகும்வரை போக வேண்டும்.

இதை நிரலாக எழுதும் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல். சி, ஜாவா மொழிகளில் முழு எண் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி வெட்டப்படும். அதனால் −202-ஐ −10-ஆல் வகுத்தால் ஈவு 20, மீதி −2 என்று கிடைக்கும். பைதானில் மீதி வகுத்தியின் குறியைப் பெறும். எனவே முதல் படியிலேயே 2026-க்கு ஈவு −203, மீதி −4 என்று வரும். கவனிக்காமல் விட்டால் பைதான் நிரல் −2, 0, −3, −4 என்று அச்சிடும். வேடிக்கை என்னவென்றால், இவை −2026-க்குரிய இலக்கங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கழித்தல் குறியோடு. திருத்தம் எல்லா மொழிக்கும் ஒன்றே: மீதி பூச்சியத்துக்குக் கீழே போனால் மீதியுடன் 10-ஐயும் ஈவுடன் 1-ஐயும் கூட்டுக. சி-யில் −2, 20 என்பவை 8, 21 ஆகும். பைதானில் −4, −203 என்பவை 6, −202 ஆகும்.

கையால் மாற்ற வகுத்தலே வேண்டாம் என்று சொல்லத்தக்க ஒரு வழி இருக்கிறது. எண்ணுடன் 9,090-ஐக் கூட்டுங்கள். வரும் விடையில் பத்தாம் இடத்து இலக்கத்தையும் ஆயிரமாம் இடத்து இலக்கத்தையும் 9-லிருந்து கழித்து எழுதுங்கள். மற்ற இலக்கங்கள் அப்படியே இருக்கட்டும். 2026 + 9,090 = 11,116. பத்தாம் இடத்து 1 போய் 8. ஆயிரமாம் இடத்து 1 போய் 8. [18186] வந்துவிட்டது. −2026 + 9,090 = 7,064. ஆயிரத்தில் 7 போய் 2, பத்தில் 6 போய் 3: [2034].

ஏன் இப்படி? [18186] போன்ற ஓர் எண்ணில் 1, 100, 10,000 ஆகிய இடங்கள் தரும் தொகையை மி என்போம். 10, 1,000 ஆகிய இடங்களில் உள்ள இலக்கங்களின் மதிப்பை, குறி பாராமல், கு என்போம். எண்ணின் மதிப்பு மி − கு. அந்த இரண்டு இடங்களிலும் இலக்கத்தை 9-லிருந்து கழித்து எழுதினால் கு என்பது 9,090 − கு ஆகிவிடும். இப்போது அதே இலக்க வரிசையைச் சாதாரணப் பத்தடிமானத்தில் படித்தால் மி + 9,090 − கு கிடைக்கும். அதாவது எண்ணும் 9,090-ம் சேர்ந்த தொகை. அவ்வளவுதான் சூத்திரம். ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு என்பதும் இதிலேயே நிரூபணமாகிவிடுகிறது: 00000 முதல் 99999 வரை 1,00,000 இலக்க வரிசைகள்; அவை −9,090 முதல் 90,909 வரையுள்ள 1,00,000 முழுக்களோடு ஒன்றுக்கொன்றாகப் பொருந்துகின்றன. இந்த எல்லைக்கு வெளியே உள்ள எண்ணுக்கு 9,090 போதாது. 9,09,090 கூட்டி லட்சத்து இடத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். அதை மறந்தால் விடை சத்தமில்லாமல் தவறிவிடும்.

கூட்டலுக்கு வருவோம். ஓரிடத்தில் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால், நாம் வழக்கமாகக் கையில் 1 என்போம். இங்கே கையில் −1. காரணம், 10 ஒன்றுகள் சேர்ந்தால் அது −10-இன் மடங்கு −1. அடுத்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் −1 மட்டும் நின்றால் 9 எழுதிக் கையில் +1. எனவே [5] + [5] = [190]; 100 − 90 = 10, சரிதானே. இரண்டு எண்களைக் கூட்டும்போது கையில் வரக்கூடியவை −1, 0, +1 மூன்றுமட்டுமே.

2026-ஐயும் −2026-ஐயும் கூட்டிப் பாருங்கள். [18186]-க்குக் கீழே [2034]. 6 + 4 = 10; 0 எழுதிக் கையில் −1. 8 + 3 − 1 = 10; மறுபடி 0, கையில் −1. 1 + 0 − 1 = 0. 8 + 2 = 10; 0, கையில் −1. இறுதியில் 1 − 1 = 0. எல்லா இடமும் பூச்சியம்.

இங்கே ஒரு பொறியைச் சுட்டிக்காட்ட வேண்டும். சிலர் "10 என்பது [190], ஆகவே 0 எழுதி அடுத்த இடத்துக்கு 9, அதற்கடுத்த இடத்துக்கு 1 கொண்டுபோகலாம்" என்று சொல்லித்தருகிறார்கள். மதிப்பில் பிழையில்லை. ஆனால் [19] + [1] என்ற கணக்கை, அதாவது −1 + 1 என்பதை, இம்முறையில் செய்துபாருங்கள். முதல் இடத்தில் 10. 0 எழுதி 9-ம் 1-ம் போகின்றன. இரண்டாம் இடத்தில் 1 + 9 = 10; மறுபடி 9-ம் 1-ம். மூன்றாம் இடத்தில் முன்பே வந்த 1, இப்போது வந்த 9, மீண்டும் 10. இது முடியவே முடியாது, தாள்தான் தீரும். கையில் −1 என்று செய்தால் இரண்டே படி: 0, பிறகு 1 − 1 = 0. −2 அடிமானத்தில் 1 + 1 = 110 என்று மனப்பாடம் செய்து கூட்டுபவர்களும் 11 + 1 என்ற கணக்கில் இதே சுழலில் மாட்டுவார்கள்.

கழித்தலில் கடன் வாங்கும் வழக்கம் தலைகீழாகிறது. 2-லிருந்து 5 போகாதபோது 7 எழுதிவிட்டு, அடுத்த இடத்தில் ஒன்றைக் குறைப்பதற்குப் பதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். [12] − [15]: முதலிடத்தில் 7; அடுத்ததில் 1 − 1 + 1 = 1. விடை [17], அதாவது −3. −8-லிருந்து −5-ஐக் கழித்தால் −3 தானே.

பெருக்கல்தான் இம்முறையின் அழகு. குறை × குறை = மிகை என்ற விதியை ஏழாம், எட்டாம் வகுப்புகளில் புரியவைக்க எவ்வளவு பாடு! இங்கே அந்த விதியே தேவையில்லை. [12] × [15], அதாவது −8 × −5. முதல் வரி 5-ஆல் பெருக்கல்: 5 × 2 = 10; 0 எழுதிக் கையில் −1; 5 × 1 − 1 = 4; ஆக [40]. இரண்டாம் வரி 1-ஆல் பெருக்கி ஓரிடம் தள்ளினால் [120]. கூட்டினால் [160], அதாவது 100 − 60 = 40. இரண்டு ஈரிலக்க எண்கள் பெருக்கப்பட்டு மூன்றிலக்க எண் பிறந்தது. மிகைக்குறி தானாக வந்தது. கையில் வருவது பெரிதாக இருந்தாலும் விதி ஒன்றே: 8 × 7 = 56 என்றால் 6 எழுதிக் கையில் −5. வகுத்தலை மட்டும் இம்முறையில் கையால் செய்வது சலிப்பூட்டும். ஈவின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஊகிக்கும்போது அடுத்த இடங்கள் கூட்டுமா குறைக்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கும். பத்தடிமானத்துக்கு மாற்றி வகுத்துவிட்டுத் திரும்ப மாற்றுவதே மேல்.

இனி மூன்றாவது வாக்கியம். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கட்டுரையில் மட்டுமல்ல, வகுப்பறைகளிலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. இலக்கக் கூடுதல் சோதனை 9-க்கு வேலை செய்வதற்குக் காரணம் 9-இன் மகிமை அன்று. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1; அதனால் 100, 1,000 எல்லாவற்றுக்கும் மீதி 1; ஆகவே ஒவ்வோர் இலக்கமும் தன் முகமதிப்போடு மட்டும் எண்ணப்படுகிறது. பொதுவாகச் சொன்னால், அடிமானத்திலிருந்து 1-ஐக் கழித்தால் எது வருகிறதோ அதற்கும் அதன் காரணிகளுக்கும் இலக்கக் கூடுதல் சோதனை. அடிமானத்துடன் 1-ஐக் கூட்டினால் எது வருகிறதோ அதற்கும் அதன் காரணிகளுக்கும், இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கும் சோதனை. எண்ம முறையில் இவை 7, 9. பதினாறுநிலை முறையில் 15, 17. ஆகவே அங்கே 3-க்கும் 5-க்கும் இலக்கங்களைக் கூட்டினாலே தெரிந்துவிடும்.

−10-க்கு இதைப் பொருத்துங்கள். 1-ஐக் கழித்தால் −11, கூட்டினால் −9. ஆக 9-ம் 11-ம் இடம் மாறிக்கொள்கின்றன. [18186]-இன் இலக்கக் கூடுதல் 24. 11-ஆல் வகுத்தால் மீதி 2. 2026-ஐ 11-ஆல் வகுத்தாலும் மீதி 2. வலமிருந்து மாறி மாறிச் செய்தால் 6 − 8 + 1 − 8 + 1 = −8; 9-இல் இதற்குரிய மீதி 1. 2026-ஐ 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. 3-ஆல் வகுபடுமா என்பதற்கும் இங்கே மாறி மாறிக் கழிக்கும் சோதனைதான். வெறுமனே கூட்டினால் தவறான விடை வரும்.

கணக்கைச் சரிபார்க்க இலக்கக் கூடுதலைப் பயன்படுத்துவோருக்கு இதனால் ஒரு விளைவு உண்டு. பத்தடிமானத்தில், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி எழுதிய பிழையை 9-இன் சோதனை பிடிக்காது, 11-இன் சோதனை பிடித்துவிடும். −10-இல் 11-இன் சோதனை பிடிக்காது, 9-இன் சோதனை பிடிக்கும். 0-ம் 9-ம் அடுத்தடுத்து வந்து இடம் மாறினால் மட்டும் அதுவும் தப்பவிட்டுவிடும்.

7, 13 ஆகியவற்றுக்கு மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும் முறை சில மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1,001 = 7 × 11 × 13 என்பது அதன் அடிப்படை. பத்தடிமானத்தில் அந்தக் கூறுகளை மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும். இங்கே −10-இன் மூன்றாம் அடுக்கு −1,000. அதை 1,001-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே வெறுமனே கூட்டினால் போதும். [18186]-ஐ [18], [186] என்று பிரித்தால் −2-ம் 26-ம், கூடுதல் 24. 7-ஆல் வகுக்க மீதி 3, 13-ஆல் வகுக்க மீதி 11. 2026-ஐ நேராக வகுத்தும் பார்த்துக்கொள்ளலாம்.

2, 5, 10 மூன்றுக்கும் கடைசி இலக்கமே போதும் என்பது மாறவில்லை. 4-க்குக் கடைசி இரண்டு இலக்கங்களைப் பத்தடிமானத்தில் படிப்பதுபோலவே படித்து வகுக்கலாம்; இரு வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு 20-இன் மடங்கு, அது 4-ஆல் வகுபடும். 8-க்கு இந்தச் சலுகை இல்லை: 16 என்பது [196], 196 எட்டால் வகுபடாது. 25-ஆல் வகுபடும் எண்கள் 00, 50, 35, 85 என்று முடியும். 25 என்பது [185], 75 என்பது [135].

இலக்கங்களைச் சார்ந்த எண் வியப்புகள் யாவும் இப்படித்தான். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் கண்டறிந்த 6174-ம் (இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண்ணின் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதித் திரும்பத் திரும்பக் கழித்தால் வந்து நிற்கும் எண்) பத்தடிமானத்தில் நான்கிலக்கம் என்ற ஏற்பாட்டின் குழந்தை. அடிமானத்தை மாற்றினால் அது சாதாரண எண். அதேபோல் −10-க்கென்றே ஒரு வியப்பு உண்டு. பத்தடிமானத்தில் ஓரிலக்க எண்களைத் தவிர வேறெந்த எண்ணும் தன் இலக்கக் கூடுதலுக்குச் சமமாகாது. −10-இல் 10 முதல் 19 வரை எல்லாமே சமம்: 10 என்பது [190], கூடுதல் 10; 17 என்பது [197], கூடுதல் 17. வேறு உண்டா? மூன்றிலக்க எண் [அஆஇ] என்றால் 100அ − 10ஆ + இ = அ + ஆ + இ ஆக வேண்டும்; அதாவது 9அ = ஆ. அ = 1, ஆ = 9 மட்டுமே பொருந்தும். ஐந்திலக்க எண்ணின் மதிப்பு குறைந்தது 910, இலக்கக் கூடுதலோ அதிகபட்சம் 45. மேலே போகப் போக இடைவெளி பெருகும். இரட்டை எண்ணிக்கை இலக்கங்கள் கொண்டவை குறை எண்கள், அவற்றின் இலக்கக் கூடுதல் மிகை. ஆகவே 0 முதல் 19 வரை உள்ள இருபது எண்கள்தாம், 21-ஆவது இல்லை. இரண்டு அடிமானங்களிலும் ஒரே வடிவில் எழுதப்படும் எண்களும் உண்டு: பத்து, ஆயிரம், லட்சம் இடங்களில் 0 இருப்பவை. 507, 20304 போன்றவை.

குறை அடிமானம் அண்மையில் யாரோ விளையாட்டாகக் கண்டுபிடித்ததும் அன்று. இத்தாலியரான விட்டோரியோ குருன்வால்ட் 1885-இலேயே குறை அடிமானத்தில் கூட்டல் முதல் மூலம் காண்பது வரை, வகுபடும் விதிகள் உட்பட, கணித இதழொன்றில் முறையாக எழுதிவிட்டார். அது கவனிக்கப்படாமலே கிடந்தது. 1950-களின் இறுதியில் போலந்தில் கணினி அறிவியலாளர் பாவ்லாக் உள்ளிட்டோர் இதைப் புதிதாகக் கண்டடைந்து, −2 அடிமானத்தில் இயங்கும் பினெக் என்ற சோதனைக் கணினியை வார்சாவில் உருவாக்கினார்கள். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1960-இல் வெளியிட்ட முறை இன்னும் ஒருபடி மேலே: அடிமானம் 2i (i என்பது −1-இன் வர்க்கமூலம்), இலக்கங்கள் 0, 1, 2, 3. அதில் கலப்பெண்ணையே மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று பிரிக்காமல் ஒரே இலக்க வரிசையாக எழுதலாம்.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் கணினியில் குறை எண்களைக் குறிக்கும் வழக்கமான முறையான இரண்டின் நிரப்பு முறையைப் படிக்கிறார்கள். அதில் எண்ணுக்கு எத்தனை பிட் (இருநிலை இலக்கம்) என்று முன்கூட்டியே முடிவுசெய்யாமல் குறையைக் குறிக்க முடியாது. −2 அடிமானத்தில் அந்த முடிவு தேவையில்லை. ஆனால் விலை உண்டு. 8 பிட்டில் இரண்டின் நிரப்பு முறை −128 முதல் 127 வரை தரும். −2 அடிமானம் −170 முதல் 85 வரை தரும், குறைப்பக்கம் இருமடங்கு. எண்ணின் குறியை அறிய முதல் 1 எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். ஓர் எண்ணின் எதிர்மறையைக் காண்பதும் எளிதன்று. [18186]-ஐயும் [2034]-ஐயும் பார்த்தால் உறவு தெரிகிறதா? எது பெரியது என்பதும் சிக்கல்: இடமிருந்து முதலில் வேறுபடும் இடம் பத்து, ஆயிரம் போன்ற இடமாக இருந்தால் சிறிய இலக்கம் உள்ளதே பெரிய எண். [17186] என்பது 3026. [18186]-ஐவிட ஆயிரம் கூடுதல். கணினிகள் இதைக் கைவிட்டதற்கு இந்தக் காரணங்கள் போதும்.

முற்றாகக் கைவிடவும் இல்லை. லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் உருவான இசட்.எஃப்.பி. என்ற தரவுச் சுருக்க மென்பொருள், குறியுள்ள முழுக்களை −2 அடிமானத்துக்கு மாற்றியே சுருக்குகிறது. மிகையோ குறையோ, பூச்சியத்துக்கு அருகிலுள்ள எண்களுக்கு முன்னிடங்களெல்லாம் 0 ஆக இருக்கும். குறிக்கென்று தனி பிட் வேண்டாம். மாற்றும் வழி, மேலே சொன்ன 9,090 வழியின் இருநிலை வடிவம்தான்: 10101010 என்ற வரிசையைக் கூட்டி, அதே வரிசையில் 1 உள்ள இடங்களில் பிட்டைப் புரட்டுவது. 6-ஐ எடுங்கள்: 6 + 170 = 176, இருநிலையில் 10110000; புரட்டினால் 00011010. 16 − 8 − 2 = 6. ரிச்சர்ட் ஷ்ரோப்பலின் பெயரில் வழங்கும் இந்த வாய்பாடு எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் 1972 குறிப்புத் தொகுப்பில் இருக்கிறது.

பின்னங்களைப் பற்றி ஒரு சொல். 0.999… = 1 என்று பத்தடிமானத்தில் இரட்டை வடிவம் இருப்பதுபோல் இங்கும் உண்டு, வேறிடத்தில்: [0.090909…], [1.909090…] இரண்டும் 1/11 தான்.

மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிடுவதானால் கடிதம் முழுதும் போட இடமிருக்காது. வரலாற்றுப் பகுதியை வெட்டிவிட்டு, வகுபடும் விதிகளையும் பின்வரும் கணக்குகளையும் மட்டுமாவது விட்டுவைக்க வேண்டுகிறேன். 365, −40, 1,000, 1947 ஆகியவற்றை −10 அடிமானத்தில் எழுதுக. [7] × [19] காண்க. [445] + [40] கூட்டுக. விடைகள்: [445], [40], [19000], [18067]; பெருக்கலில் 63-க்கு 3 எழுதிக் கையில் −6, பிறகு 7 − 6 = 1, ஆக [13], அதாவது −7; கூட்டலில் 4 + 4 = 8 என்பதால் கையில் எதுவுமின்றி [485], அதாவது 325.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.